இறப்புப் பதிவு: சுடுகாட்டில் இருக்க வேண்டிய ஓர் ஆள்

இறப்பைப் பதிய 21 நாள் கெடு என்பது பற்றி சேத்தியாத்தோப்பு, வளையமாதேவி, கரிவெட்டி பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம். கெடு தாண்டினால் பதிவே கிடையாதா? சுடுகாட்டு ரசீது இல்லாமல் பதிய மாட்டார்களா? பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது, அவர் போய்ப் பல வருஷமாகிறது, என்.எல்.சி. சுரங்கத்துக்கு எடுக்கும் நிலத்தின் இழப்பீட்டுக்கு இறப்புச் சான்று கேட்கிறார்கள், எங்கே போவது?

கெடுவை முதலில் முடித்துவிடுவோம். 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் மேல் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இதற்கு முன்பு கேட்ட நோட்டரி பிரமாணப் பத்திரம் 2023 அக்டோபர் 1 முதல் தேவையில்லை, சுயசான்று இட்ட ஆவணம் போதும். ஓராண்டு தாண்டினாலும் பதியலாம். ஒரு காலத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அலைந்து வாங்கிய உத்தரவு இப்போது வருவாய்த் துறை கையில் இருக்கிறது. நமக்குச் சிதம்பரம் கோட்டாட்சியர் அலுவலகம். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை நம் வீடுகளில் யாரும் காகிதத்தைத் தொடுவதில்லை. அதன் பிறகு கட்டணமில்லாமல் பதிய ஐந்தே நாள்தான் மீதி.

ரசீதுக் கேள்விதான் முக்கியமானது. 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டத்தின் 10-வது பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. இறப்பைத் தெரிவிக்கும் பொறுப்பு வீட்டில் என்றால் குடும்பத் தலைவருக்கு, ஆஸ்பத்திரியில் என்றால் அதன் பொறுப்பாளருக்கு. அதோடு சட்டம் நிற்கவில்லை. இடுகாடு, சுடுகாட்டைப் பொறுப்பில் வைத்திருப்பவரும், உள்ளாட்சி அங்கே நிறுத்திவைத்த ஆளும் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது. மகன் மறந்து போகலாம். சொத்துச் சண்டையில் ஒருவர் மறைக்கலாம். டாக்டர் வராமலே உயிர் பிரியலாம். ஆனால் உடல் மயானத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அந்த இடத்தில், குடும்பத்தோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை நிறுத்திய யோசனை உண்மையிலேயே நல்ல யோசனை.

உள்ளாட்சியின் பதிவேட்டுக்கு என்ன வலு என்பதை 2020 காட்டியது. சென்னையில் கொரோனா சாவுகள் சுகாதாரத் துறைக் கணக்கில் ஓர் எண்ணாகவும், மாநகராட்சியின் இறப்புப் பதிவில் வேறாகவும் இருந்தன. குழு அமைத்துச் சரிபார்த்த பிறகு, ஜூலை 22 அன்று அரசு 444 இறப்புகளைப் பட்டியலில் சேர்த்தது. அமைச்சர்களின் பேட்டிகளில் வராத சாவுகளை அந்தப் பதிவேடு வைத்திருந்தது.

நம் ஊருக்கு வாருங்கள். நவீன எரிவாயு தகன மேடை உள்ள நகரங்களில் நோட்டு இருக்கிறது, ரசீது இருக்கிறது, கையெழுத்துப் போட ஆள் இருக்கிறார். கிராமத்துச் சுடுகாட்டில் ஒரு கொட்டகை இருந்தால் பெரிது. குழி வெட்டுபவருக்கும் சிதை அடுக்குபவருக்கும் அந்த வீட்டார் தருவதுதான் கூலி. சம்பளமும் நோட்டும் தராத ஒருவரிடம் சட்டம் சாட்சிப் பொறுப்பை மட்டும் ஒப்படைத்திருக்கிறது. சுடுகாட்டைப் பராமரிப்பது ஊராட்சியின் கடமை என்று 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் சொல்வதை அதிகாரிகள் சுற்றுச்சுவராகவும் தகரக் கூரையாகவும் மட்டுமே புரிந்துகொள்கிறார்கள். இறப்புகள் கிட்டத்தட்ட முழுமையாகப் பதிவாகின்றன என்ற அரசின் பேச்சை நான் அப்படியே ஏற்க மாட்டேன். பதிவானவற்றிலும் பெரும்பாலானவற்றுக்கு டாக்டரின் சாட்சி இல்லை: 2020-ல் நாடு முழுவதும் பதிவான இறப்புகளிலேயே மருத்துவச் சான்றோடு வந்தவை 22.5 விழுக்காடுதான்.

ஊர்ச் சுடுகாடு ஒன்று, காலனிச் சுடுகாடு ஒன்று என்று பிரிந்து கிடக்கும்போது, பாதையே இல்லாத இரண்டாவதில் நோட்டை யார் வைப்பார்கள்? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல் வழியே போக விடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். பாதைக்கே இந்த நிலை என்றால் பதிவேட்டை எங்கே தேடுவது? சாதி வேறுபாடில்லாத மயானம் உள்ள ஊர்களுக்கு ரூ.10 லட்சம் பரிசு என்று அரசு அறிவித்தது. எல்லா ஊரிலும் இருந்தாக வேண்டிய ஒன்றுக்குப் பரிசு தர வேண்டியிருப்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

என்.எல்.சி. நிலம் எடுக்கும் ஊர்களில் இந்தக் குறை பணமாகவே இழப்பைத் தருகிறது. தாத்தாவின் சாவு பதிவாகாவிட்டால் வாரிசுச் சான்று நகராது. அது நகராவிட்டால் இழப்பீடு நிற்கும். எரித்த இடத்தில் அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் பேரன் சிதம்பரத்துக்கு நடக்க வேண்டியதில்லை.

மற்ற கேள்விகள்.

சுடுகாட்டு ரசீது கட்டாயமா? வீட்டில் நடந்த சாவைத் தெரிவிப்பது குடும்பத் தலைவரின் பொறுப்பு; ரசீது அதற்குத் துணைச் சான்று.

ஜிப்மரில் இறந்தால்? சாவு நடந்த இடத்தில்தான் பதிவு. அடக்கம் இங்கே நடந்தாலும் புதுச்சேரியில்தான்.

சொந்த நிலத்தில் புதைக்கலாமா? உரிமம் பெற்ற இடம் வேண்டும். கிராமங்களில் குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் கூடாது. 2023 டிசம்பரில் தே.மு.தி.க. தலைவர் விஜயகாந்துக்குக் கோயம்பேடு கட்சி அலுவலகத்தில் அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்குக்குப் பெரம்பூர் கட்சி அலுவலகத்தில் கிடைக்கவில்லை. பொத்தூரில் தனியார் நிலத்தில் அடக்கம் செய்தார்கள். சாதாரணக் குடும்பம் விதிவிலக்கை நம்ப வேண்டாம்.

சுடுகாடும் கையகப்படுத்தலில் போனால்? 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை மறுகுடியமர்வு இடத்தில் மயானம் தரச் சொல்கிறது. ஆனால் அங்குள்ள சாதிச் சமூகங்களின் வழக்கப்படி என்று எழுதியிருக்கிறார்கள். புது ஊரிலும் பழைய பிரிவினைக்குச் சட்டமே இடம் வைத்திருப்பது வெட்கக்கேடு.

எரிப்பதற்கு ஜி.எஸ்.டி. உண்டா? இல்லை.

சான்றிதழுக்குப் பணம் கேட்டால்? முதல் நகல் இலவசம். பதிந்த ஏழு நாளுக்குள் தர வேண்டும்.

நகலை வாங்கும்போதே, இறந்தவர் பெயரும் அப்பா பெயரும் பட்டாவிலும் ஆதாரிலும் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் பதிவாளரிடமே உடனே எழுதிக் கொடுங்கள்.