நீலகிரி வரையாடும் அதன் வாழிடமும்

நீலகிரி வரையாடு என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வாழும் ஒரு காட்டு விலங்கு ஆகும். தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாகக் காணப்படுவதில்லை. இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அருகிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. ஒரு காலத்தில் வேட்டையே இதற்குப் பெரிய ஆபத்தாக இருந்தது. இன்று இது வாழும் மலைப் புல்வெளிகள் சுருங்கி வருவதே முதன்மையான ஆபத்து.

பெயரும் வகைப்பாடும்

'வரை' என்ற சொல்லுக்கு மலை என்று பொருள். மலையில் வாழும் ஆடு என்பதால் வரையாடு எனப்பட்டது. சங்க இலக்கியங்களில் வரும் 'வருடை' என்னும் விலங்கும் இதுவே எனக் கருதப்படுகிறது.

முன்பு இது இமயமலை வரையாட்டின் பேரினத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. மரபணு ஆய்வுகள் இது செம்மறியாட்டு இனங்களுக்கே நெருக்கமான உறவுடையது எனக் காட்டியதால், 2005-இல் 'நீல்கிரிட்ராகஸ்' என்ற தனிப் பேரினம் உருவாக்கப்பட்டது. அப்பேரினத்தில் உள்ள ஒரே இனம் இதுதான். எனவே இந்த விலங்கு அழிந்தால் ஒரு பேரினமே உலகிலிருந்து மறைந்துவிடும்.

உடலமைப்பும் வாழ்க்கை முறையும்

வரையாடு கட்டான உடலும், குட்டையான கரடுமுரடான மயிரும் கொண்டது. ஆண், பெண் இரண்டுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்புகள் உண்டு. ஆணின் கொம்பு பெரியது. முதிர்ந்த ஆண் கருமை கலந்த பழுப்பு நிறத்தில், முதுகில் சேணம் போட்டது போன்ற வெளிறிய திட்டுடன் காணப்படும். பெண் சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடையது. எடையிலும் ஆண் பெண்ணைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும்.

இவை கூட்டமாக மேய்பவை. புல்லே முதன்மை உணவு. சிறுத்தை, புலி, செந்நாய் ஆகியவை இவற்றை வேட்டையாடுகின்றன. ஆபத்தை உணர்ந்தால் பிற விலங்குகள் எளிதில் தொடர முடியாத செங்குத்தான பாறைச் சரிவுகளுக்கு இவை ஓடிவிடும். ஆகவே மேய்வதற்குப் புல்வெளியும், தப்பிப்பதற்குப் பாறைச் சரிவும் அருகருகே அமைந்த இடமே இவற்றுக்கு ஏற்றது.

ஏறக்குறைய ஆறு மாத சினைக்காலத்திற்குப் பின் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி பிறக்கும். சனவரி, பிப்ரவரி மாதங்களில் குட்டிகள் அதிகம் பிறக்கின்றன. பல குட்டிகள் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. எனவே ஓரிடத்தில் எண்ணிக்கை குறைந்தால் அது மீண்டும் உயர நெடுங்காலம் ஆகும்.

வாழிடம்: சோலையும் புல்வெளியும்

நீலகிரி, ஆனைமலை, பழனி மலை போன்ற உயர்ந்த மலைகளில் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் அடர்ந்த குட்டையான பசுமைமாறாக் காடுகள் உள்ளன. இவையே சோலைகள். சோலைகளைச் சுற்றியுள்ள சரிவுகளில் புல்வெளி பரந்திருக்கும். குளிர்கால உறைபனி, பலத்த காற்று, தீ, ஆழமில்லாத மண் ஆகியவை சரிவுகளில் மரக்கன்றுகள் வளரத் தடையாக இருப்பதாக விளக்கப்படுகிறது.

புல்வெளி என்பது காடு அழிந்து எஞ்சிய வெற்றிடம் அன்று. அது பல்லாயிரம் ஆண்டுகளாக நிலவும் தனி இயற்கை அமைப்பு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி வளர்வதும், நீலகிரியின் தோடர்கள் தங்கள் எருமைகளை மேய்த்ததும் இங்குதான். சோலையும் புல்வெளியும் சேர்ந்து மழைநீரை உள்வாங்கிச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. பவானி உள்ளிட்ட ஆறுகளுக்கு நீர் தருவன இம்மலைகளே.

வாழிடம் சுருங்கிய விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைகளில் குடியேறியபின் வரையாடுகள் பெருமளவில் வேட்டையாடப்பட்டன. 1877-இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட வேட்டை விலங்குகள் சங்கம் வேட்டையைக் கட்டுப்படுத்த முயன்றது. ஆனால் புல்வெளிக்கு அத்தகைய பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் அதைப் பயனற்ற தரிசு நிலமாகவே கருதினர்.

புல்வெளியின் ஒரு பகுதி தேயிலைத் தோட்டமானது. விறகுக்காகத் தைல மரமும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டன. விடுதலைக்குப் பிறகும் ஆலைகளின் தேவைக்காக இத்தோட்டங்கள் விரிவாக்கப்பட்டன. நீர்மின் அணைகளும் சாலைகளும் மேலும் நிலத்தை எடுத்துக்கொண்டன.

இவற்றில் சீகை மரம் நட்ட இடத்தோடு நிற்காமல் தானாகவே புல்வெளிக்குள் பரவுகிறது. அதன் நிழலில் புல் வளர்வதில்லை. மரத்தை வெட்டினாலும், மண்ணில் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும் விதைகள் மீண்டும் முளைக்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு மலை பசுமையாகத் தெரிந்தாலும், வரையாட்டுக்கு அங்கே மேய்ச்சல் இல்லை.

இதனால் வரையாட்டுக் கூட்டங்கள் தனித்தனித் தீவுகள் போலப் பிரிந்துவிட்டன. ஒரு மலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழியில்லாத சிறு கூட்டங்களில் உள்ளினக் கலப்பு ஏற்பட்டு, நோயைத் தாங்கும் திறன் குறையக்கூடும். வெப்பநிலை உயரும்போது பல விலங்குகள் மேலே நகரலாம். ஏற்கெனவே மலையுச்சியில் வாழும் வரையாட்டுக்கு அதற்கும் இடமில்லை.

பாதுகாப்பு முயற்சிகள்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரையாடு இடம்பெற்றுள்ளது. இதனை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றம்.

கேரளத்தின் மூணாறு அருகே ஏறத்தாழ 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வரையாடுகள் அதிகம் வாழும் இடம் இதுவே. குட்டி ஈனும் காலத்தில் இப்பூங்கா சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்படுகிறது. தமிழ்நாட்டில் முக்கூர்த்தி தேசியப் பூங்காவும், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் புல்மலைப் பகுதியும் முக்கிய வாழிடங்கள்.

2022-இல் தமிழ்நாடு அரசு ஏறக்குறைய 25 கோடி ரூபாய் மதிப்பில் நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தது. வரையாடு பற்றிய முன்னோடி ஆய்வு செய்த இ. ஆர். சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் பதிவாயின. 2025-இல் இரு மாநிலங்களும் இணைந்து நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 என மொத்தம் 2,668 பதிவாயின. அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை கூடியது நல்ல செய்தி. ஆனால் ஓரினத்தின் மொத்தமே ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அளவுதான் என்பதையும் மறக்க இயலாது.

சீகை மரங்களை அகற்றி, நாற்றங்கால்களில் வளர்த்த உள்ளூர்ப் புல் வகைகளை நட்டுப் புல்வெளியை மீட்கும் பணியும் நடைபெறுகிறது. இது பல ஆண்டுகள் தொடர்ந்து செய்யவேண்டிய பணி. வால்பாறை மலைச்சாலை போன்ற இடங்களில் வரையாடுகளைக் காண்போர் அவற்றுக்கு உணவு கொடுக்காமலும், நெருங்கிச் செல்லாமலும் இருப்பது அவசியம். மரம் நடுவது எல்லா இடங்களிலும் இயற்கைப் பாதுகாப்பு ஆகாது. வரையாடு வாழும் மலைகளில் புல்லைக் காப்பதே பாதுகாப்பு.