சிறுநீரகம் திடீரெனக் கெடுவது ஏன்?

அண்மையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். கூலி பெற வந்த அங்கத்தினர் ஒருவர் தம் ஏழு வயது மகனையும் அழைத்து வந்திருந்தார். சிறுவனின் முகம் ஊதியிருந்தது. "பையன் இப்போதுதான் சதை பிடித்திருக்கிறான், ஐயா" என்றார் தந்தை மகிழ்ச்சியுடன். விசாரித்ததில், காலையில் கண்ணிமைகள் வீங்குவதும், சிறுநீர் தேயிலைச் சாயம்போல் குறைவாக இறங்குவதும் தெரிய வந்தன. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம், பிள்ளை பிழைத்தான்.

மூன்று வாரங்களுக்கு முன் அவன் காலில் சிரங்கு சீழ் கொண்டிருந்ததாம். வினை அங்கேதான் தொடங்கியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொண்டையிலோ தோலிலோ புண் செய்கிறது. அதனை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்கள் கிருமியின் கூறுகளோடு பிணைந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிந்து அழற்சியை விளைவிக்கின்றன. தொண்டைப் புண்ணுக்குப்பின் ஒன்றிரண்டு வாரங்களிலும், சிரங்குக்குப்பின் மூன்று முதல் ஆறு வாரங்களிலும் இது தோன்றும். தக்க சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் முற்றும் குணமடைகின்றனர்.

உழவர்களுக்கு வேறு அபாயங்கள் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர், காலிலுள்ள வெடிப்பு வழியே எலிக்காய்ச்சலைப் புகுத்துகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால் தாமதிக்கலாகாது. கண்ணாடி விரியன் கடியும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மந்திரிப்பதில் பொழுதைப் போக்காமல் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரியை அடைதல் வேண்டும்.

இரு சாராருக்கும் பொதுவானது ஒன்றுண்டு. கடும் பேதியினாலோ வெயிலினாலோ உடலின் நீர் வற்றும்போது சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. அந்நிலையில் இடுப்பு வலிக்கென டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கினால் இரத்த ஓட்டம் மேலும் சுருங்குகிறது. தறியை விட்டு எழ நேரமில்லை என்று தண்ணீர் அருந்தாதிருக்கும் நம் நெசவாளர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.

நாளொன்றுக்குச் சிறுநீர் 400 மில்லிக்குக் குறைந்தாலும், நிறம் மாறினாலும், முகமோ காலோ வீங்கினாலும் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். சிறுநீர்ச் சோதனை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஆகியவை நோயைக் காட்டிவிடும். உரிய காலத்தில் கவனித்தால், செயலிழந்த சிறுநீரகமும் பலருக்கு மீள்வதுண்டு.

சங்கக் கடனுக்குத் தவணை கேட்கலாம். இந்நோய் தவணை தருவதில்லை.