பயிற்சிக்கு அனுப்பினால் மட்டும் போதுமா?

சில வருடங்களுக்கு முன்னர் எனது புடவைக் கடையில் வேலை செய்த நான்கு பையன்களை ஒருநாள் விற்பனைப் பயிற்சிக்கு அனுப்பினேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் நடந்தது. மாலையில் ஆளுக்கொரு கோப்பும் சான்றிதழுமாக வந்தார்கள். ஒரு கிழமை கழித்து ஒருவனைக் கூப்பிட்டு, "என்ன தம்பி படிச்ச?" என்று கேட்டேன். "சாப்பாடு நல்லா இருந்திச்சி முதலாளி" என்றான்.

அன்று பையன்கள் மீதுதான் கோபம் வந்தது. பிறகு விசாரித்துப் பார்த்தேன். பயிற்சி பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் நடந்திருக்கிறது. உதாரணங்களெல்லாம் காப்புறுதி விற்பது பற்றியவை. எங்கள் பையன்களோ சிங்களத்திலும் தமிழிலும் சாரி விற்பவர்கள். நான் அனுப்பிய காலமும் பிழை. பெருநாள் வியாபாரத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. படித்ததைச் செய்து பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது?

இதைவிடப் பெரிய பிழையும் என்னுடையதுதான். பயிற்சிக்குப் போய்வந்த ஒருவன், சாரி கேட்டு வந்த ஒரு பெண்மணியிடம் "யாருக்கு, என்ன விசேஷத்துக்கு?" என்று விசாரித்தான். நான் காசு மேசையிலிருந்து, "என்னடா கதை? சாமானைக் காட்டு!" என்று சத்தம் போட்டேன். அப்படிக் கேட்கத்தான் அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிறகு அவன் வாய் திறக்கவேயில்லை.

மீட்டிப் பார்க்காத பாடத்தின் பெரும் பகுதி முதல் நாளிலேயே மறந்துவிடுகிறது என்பதை ஜெர்மன் அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இலேயே எடுத்துக் காட்டினார். விற்பனைத்துறையில் நீல் ரக்கம் என்பவர் தமது குழுவினருடன் 12 வருடங்களில் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தவர். 1988இல் வெளிவந்த 'ஸ்பின் செலிங்' என்ற தமது நூலில் அவர் சொல்வது எங்கள் கடைகளுக்கும் பொருந்தும். ஒரு நேரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் பழக வேண்டும். குறைந்தது மூன்று தடவையாவது செய்து பார்க்காமல் அது சரிவராது என்று தீர்மானிக்கக் கூடாது. முக்கியமான வாடிக்கையாளரிடம் முதலில் பரீட்சித்துப் பார்க்கவும் கூடாது.

கோப்பை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு விடயத்தை எடுத்துக் கொண்டோம். சாரியை விரிக்க முன் இரண்டு கேள்வி கேட்பது. கடை திறக்க முன் பத்து நிமிடம் ஒருவன் வாடிக்கையாளர், மற்றவன் விற்பனையாளன். எல்லாம் சிங்களத்தில். முதல் இரண்டு நாளும் சிரிப்புத்தான். வியாபாரம் மந்தமான நாட்களில், சில்லறைக்கு வருபவர்களிடம் மட்டும் செய்து பார்க்கச் சொன்னேன். குருநாகலிலிருந்து மொத்தமாக எடுக்க வருபவர்களிடம் வேண்டாம் என்றேன். வாடிக்கையாளர் முன்னால் திருத்துவதை நிறுத்தினேன். எனக்கு அதுதான் ஆகக் கஷ்டம். அவர் போன பின் ஒரு பிழை மட்டும் சொல்வேன்.

முன்பு ஒருவருக்கு இருபது சாரி விரித்துவிட்டு மாலையில் மடித்துக் கொண்டிருந்தவர்கள், மூன்றாம் கிழமையில் ஐந்தாறுடன் விற்கத் தொடங்கினார்கள். அடுத்ததாக, 'விலை கூட' என்றதும் உடனே குறைக்காமல் இருக்கப் பழக்கினோம். அதற்கு மாதக்கணக்கில் எடுத்தது. ஒருவனுக்குக் கடைசி வரை வரவில்லை. அவனைக் களஞ்சியத்துக்கு மாற்றினேன், அங்கே கெட்டிக்காரன்.

இப்போது பயிற்சிக்குக் காசு கட்ட முன் பயிற்றுவிப்பாளரிடம் எந்த மொழி, என்ன உதாரணம், ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்து பார்ப்பீர்களா என்று கேட்கிறேன். பலர் பிறகு பேசுவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் ஒப்புக்கொண்டு, ஹோட்டல் வேண்டாம், கடையிலேயே அரை நாள் போதும் என்றார். பகல் சாப்பாட்டுக்குப் பக்கத்துக் கடையில் புரியாணி எடுத்தோம்.