சுவருக்குள் இருக்கும் கம்பிதான் முடிவு செய்ய வேண்டும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன் பிறகு தமிழகப் பக்கத்துக் களியக்காவிளை வீடுகளுக்கு ஒரு மின்வாரியம். கேரளப் பக்கத்து இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வீடுகளுக்கு இன்னொன்று. ஆனால் வீட்டுக்குள் மின்சாரம் செலவாகும் விதம் எல்லையின் இருபுறமும் ஒரேபோல மாறியிருக்கிறது. 2024 மே மாதத் தொடக்கத்து வெக்கையில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. தமிழ்நாட்டில் அது 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. அறைக்கு ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, கூடத்தில் ஒரு டிவி என்று கணக்குப் போட்டு முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒயரிங் செய்த வீடுகளில் இன்று இன்டக்‌ஷன் அடுப்பும் வாட்டர் ஹீட்டரும் ஏ.சி.யும் ஓடுகின்றன. கருவிகள் மாறிவிட்டன, சுவருக்குள் போன கம்பி மாறவில்லை. அடிக்கடி பிரேக்கர் விழும்போது பலரும் செய்வது, அதைக் கழற்றிவிட்டுப் பெரிய பிரேக்கரை மாட்டுவது. வீட்டு மின்சாரத்தில் இதைவிட ஆபத்தான பழுதுபார்ப்பு வேறில்லை. எந்த பிரேக்கர் வேண்டும் என்பதைக் கம்பியின் தடிமன்தான் தீர்மானிக்க வேண்டும். நம் வசதி தீர்மானிக்கக் கூடாது.

ஒரு சமையலறையையே எடுத்துக்கொள்வோம். 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். பக்கத்தில் 1,500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர். 750 வாட் மிக்சி 3 ஆம்பியருக்குச் சற்று மேல். காலை ஏழு மணிக்கு மூன்றும் சேர்ந்து ஓடினால் 18 ஆம்பியரைத் தாண்டிவிடும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். அதில் 8 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு முக்கால் வாட் வெப்பம். 16 ஆம்பியர் ஓடினால் 3 வாட். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கம்பிகள், காற்றோட்டமில்லாத பி.வி.சி. குழாய்க்குள், மணிக்கணக்கில் இந்த வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கம்பியின் மேலுறையான சாதாரண பி.வி.சி. தாங்கும் எல்லை 70 டிகிரி செல்சியஸ்.

அந்த 70 டிகிரியிலிருந்துதான் எல்லாக் கணக்கும் தொடங்குகிறது. சுற்றுப்புறம் 30 டிகிரி என்றால் கம்பி சூடேற 40 டிகிரி இடம் இருக்கிறது. வெயில் காய்ந்த கான்கிரீட் தளத்துக்குள்ளும் தகரக் கூரைக்கு அடியிலும் சுற்றுப்புறமே 40 டிகிரி ஆகிவிட்டால் மிச்சம் 30 டிகிரிதான். அதே கம்பி 13 சதவீதம் குறைவான மின்னோட்டத்தைத்தான் பத்திரமாகச் சுமக்கும். 40 டிகிரியில், குழாய்க்குள் தனியாக ஓடும் ஒன்றரை கம்பிக்கு ஏறத்தாழ 13 முதல் 15 ஆம்பியர், இரண்டரைக்கு 18 முதல் 21, நாலுக்கு 24 முதல் 28 என்று கொள்ளலாம். குழாய்க்குள் எத்தனை சர்க்யூட் போகிறது என்பதும் முக்கியம். மூன்று சர்க்யூட்டின் கம்பிகள் ஒரே குழாயில் நெருக்கியடித்துப் போய், மூன்றிலும் முழுச் சுமை ஓடினால் ஒவ்வொன்றின் திறனும் 70 சதவீதமாகக் குறையும். அப்போது இரண்டரை கம்பிக்கு 16 ஆம்பியர் பிரேக்கர்கூட அதிகம். ‘பவர் பாயின்ட்டுக்கு இரண்டரை போதும்’ என்று வாய்ப்பாடு போலச் சொல்வது ஒரு குழாய்க்கு ஒரு சர்க்யூட் என்ற நிலையில்தான் சரி.

‘பிரேக்கர்தான் இருக்கிறதே, அளவு மிஞ்சினால் விழுந்துவிடாதா?’ என்று கேட்கலாம். விழும், ஆனால் உடனே விழாது. வீட்டு பிரேக்கரான எம்.சி.பி. தன் மதிப்பைப் போல 1.13 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதே தரவிதி. 16 ஆம்பியர் பிரேக்கர் 18 ஆம்பியரைச் சும்மா விட்டுவிடும். 23 ஆம்பியரை ஒரு மணி நேரம்வரை விடலாம். அதற்குப் பதில் 32 ஆம்பியர் பிரேக்கரை ஒன்றரை கம்பியின் தலையில் மாட்டினால், கம்பியின் உறை உருகினாலும் அது அசையாமல் இருக்கலாம். ஃபியூஸில் ஒரு இழைக்குப் பதில் நாலு இழை முறுக்கிப் போடுவதும் இதே தவறுதான். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும் இ.எல்.சி.பி. இருப்பதால் பயமில்லை என்று நினைப்பதும் சரியல்ல. அது மனிதர் உடல் வழியாகவோ மண்ணுக்கோ கசியும் மின்சாரத்தைத்தான் பிடிக்கும். அதிகச் சுமையால் கம்பி சூடாவது அதற்குத் தெரியாது. வீட்டுக்கு இரண்டும் வேண்டும்.

‘இருபது வருடமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை’ என்பது அடுத்த வாதம். அந்த இருபது வருடமும் இதே சுமை இருந்ததில்லை. சூடு கூடக்கூட உறையின் ஆயுள் வேகமாகக் குறையும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. உறை இறுகி வெடிப்பது சுவருக்குள் நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தெரியும் அடையாளங்கள் சில உண்டு: பழுப்பேறிய பிளக் துளை, தொட்டால் சுடும் சுவிட்ச் போர்டு, பிளாஸ்டிக் கருகும் வாடை. செலவு அதிகம் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஒன்றரையைவிட இரண்டரையில் செம்பு மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். ஆனால் சுவரை வெட்டுவதும் குழாய் பதிப்பதும் கூலியும் எந்தக் கம்பிக்கும் ஒன்றுதான். பிறகு மறுபடி சுவரை இடிப்பதே பெரிய செலவு. விலை குறைத்துத் தரும் சுருள்களில் கவனம் வேண்டும். 90 மீட்டர் இரண்டரைச் சுருளில் செம்பு மட்டும் சுமார் 2 கிலோ இருக்க வேண்டும். உறைமேல் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

இந்த எல்லைப் பகுதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே பல வீடுகளில் கிணறும் மோட்டாரும் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும். 40 மீட்டர் தூரத்துக்கு ஒன்றரை கம்பி இழுத்தால் போக வர 80 மீட்டர். மின்தடை கிட்டத்தட்ட 1 ஓம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் 7 ஆம்பியரில் ஓடும்போது 7 வோல்ட் குறையும். கிளம்பும் நொடியில் 35 ஆம்பியர் இழுத்தால் 30 வோல்ட்டுக்கு மேல் குறையலாம். மாலையில் லைனிலேயே 200 வோல்ட் இருந்தால் மோட்டார் கிளம்பாமல் முனகும், சுருள் கருகும். நாலு கம்பி போட்டால் அந்த இழப்பு ஐந்தில் இரண்டு பங்குக்குக் கீழே வந்துவிடும். அப்படியானால் வீடு முழுக்க நாலு போட்டுவிடலாமே என்றால், அதுவும் தீர்வல்ல. தடித்த கம்பி சுவிட்சின் சிறு துளையில் சரியாக உட்காராது. தளர்ந்த இணைப்பு, மெலிந்த கம்பியைவிடச் சீக்கிரம் தீப்பிடிக்கும்.

ஆகவே வரிசை இதுதான்: கருவிகள் இழுக்கும் ஆம்பியரைவிட பிரேக்கரின் ஆம்பியர் குறையக் கூடாது, பிரேக்கரின் ஆம்பியரைவிடக் கம்பியின் திறன் குறையக் கூடாது. இன்டக்‌ஷன் அடுப்போ ஏ.சி.யோ வாங்கும் முன், உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர், பிரேக்கர் எத்தனை ஆம்பியர், ஒரே குழாயில் எத்தனை சர்க்யூட் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கம்பியை மாற்ற இப்போது கையில் பணம் இல்லையென்றால், கம்பிக்கு ஏற்ற சிறிய பிரேக்கரை வைத்துக்கொண்டு, கருவிகளை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். அடிக்கடி விழும் பிரேக்கர் பழுதானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது தன் வேலையைத்தான் செய்கிறது.