பெட்டியை இறக்கும் முன்

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம், கொல்கத்தாவை அடுத்த உத்தரபாரா ஆலையில் அம்பாசடரும் நின்றது. ஆலைகள் நிறுத்தினாலும் வண்டிகள் நிற்கவில்லை. 15 வருட ஆர்.சி. முடிந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, மேலும் ஐந்து வருடம் நீட்டித்து வாங்கிக்கொண்டு ஓடுகிற பழைய கார்கள் நம் ஊர்களில் ஏராளம். அவற்றை வைத்திருப்பவர்கள் பட்டறையில் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று: “கியர் சரியா விழ மாட்டேங்குது.” அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: “பெட்டியை இறக்கிப் பார்த்துடலாம் சார்.”

இந்தப் பதிலுக்குத் தலையாட்ட அவசரப்பட வேண்டாம். கியர் டைட்டாக இருக்கும் பழைய வண்டிகளில், கோளாறு பல நேரம் கியர் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. கண்டுபிடிக்க ஸ்பேனர்கூட வேண்டாம்.

முதலில் காலடியைப் பாருங்கள். கடையில் வாங்கிப் போட்ட தடித்த மேட், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கிடக்கும். கிளட்ச் பெடல் அதில் முட்டி, கடைசி ஓர் அங்குலம் இறங்காமல் நிற்கும். மேட்டை எடுத்துப் பின் சீட்டில் போட்டுவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இதற்காகவே கிளட்ச் செட் மாற்றியவர்களும் உண்டு.

அடுத்து, என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். வண்டி அணைந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுகிற கியர், ஸ்டார்ட் செய்ததும் முரண்டு பிடித்தால், குற்றவாளி கிளட்ச்தான். அணைந்திருந்தாலும் அதே முரண்டு என்றால் லிவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற ராடு, புஷ் சமாசாரம். எல்லாக் கியரும் ஒழுங்காக விழுந்து, ஓட்டத்தில் ஒரே ஒரு கியர் மட்டும் கர்ரென்று கடித்தால்தான் பெட்டிக்குள் இருக்கும் பித்தளை ரிங் மேல் சந்தேகப்பட வேண்டும்.

கிளட்சை உறுதிசெய்துகொள்ள இன்னொரு சோதனை உண்டு. வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, நான்கைந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய பெட்டிகளில் ரிவர்ஸுக்கு இந்தப் பித்தளை ரிங், அதாவது சிங்க்ரோ, கிடையாது. கிளட்ச் முழுக்கப் பிரிந்திருந்தால், பெட்டிக்குள் போகிற ஷாஃப்ட் அந்த இடைவெளியில் சுற்றுவதை நிறுத்திவிடும். சத்தமில்லாமல் கியர் விழும். அத்தனை நேரம் பொறுத்த பிறகும் கடித்தால் ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது, அதாவது கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலை முழுக்க விடவில்லை என்று அர்த்தம். கடிக்காமல், வெறுமனே நுழைய மறுத்தால் அது நோயல்ல. பல்லோடு பல் நேராக முட்டி நிற்கிறது. கிளட்சை ஒருமுறை விட்டு மிதித்தால் போதும்.

இந்த ‘முழுக்க விடாமை’தான் விஷயத்தின் மையம். கிளட்ச் பாதி ஒட்டியிருக்கும்போது கியர் மாற்றினால், வேகத்தைச் சமப்படுத்தும் வேலை முழுவதும் அந்த மெல்லிய பித்தளை ரிங்கின் தலையில் விழுகிறது. 1928இல் காடிலாக் கார்களில் ஏர்ல் தாம்சனின் சிங்க்ரோமெஷ் வந்ததிலிருந்து அந்த ரிங்கின் வேலை ஒன்றே: கூம்பு வடிவப் பரப்பில் உரசி, சுற்றும் பல்சக்கரத்தின் வேகத்தை அதோடு கோக்க வேண்டிய ஸ்லீவின் வேகத்தோடு ஒன்றாக்குவது. அது பிரேக் போட வேண்டியது பிளேட்டையும் சில பல்சக்கரங்களையும் மட்டும்தான். ஓடுகிற என்ஜினையே இழுத்து நிறுத்து என்றால் தேய்ந்துபோகாமல் என்ன செய்யும்? சில நூறு ரூபாய் கேபிளைக் கவனிக்காத வண்டி, ஆயிரங்களில் பெட்டி வேலைக்கு வந்து நிற்பது இப்படித்தான். கியர் லிவரைத் தோள்பலத்தால் தள்ளுகிறவர்கள் செலக்டர் ஃபோர்க்கையும் வளைத்துவிடுகிறார்கள். அது தனிச் செலவு.

மாருதி 800இல் கிளட்ச் கேபிளால் இயங்குகிறது. பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் இறங்கும் தூரம், அதாவது ஃப்ரீ பிளே, இரண்டு சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் மிதியில் பாதி வீணாகிறது, பிளேட் பிரியாது. பெட்டிப் பக்கம் கேபிள் முனையில் இருக்கும் நட்டைத் திருகினால் சரியாகும். ஆனால் சில பட்டறைகளில் ஆர்வம் மிகுந்து ஃப்ரீ பிளேயே இல்லாமல் இறுக்கிவிடுகிறார்கள். அன்றைக்குக் கியர் வெண்ணெயாக விழும். பிறகு ரிலீஸ் பேரிங் எந்நேரமும் சுற்றி ஊளையிட ஆரம்பிக்கும், பிளேட்டும் வழுக்கும். நட்டின் மரை தீர்கிற அளவுக்குத் திருகியும் போதவில்லையா? கேபிளின் உள்கம்பி இழை இழையாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. கேபிளை மாற்றுவது முன்பகல் வேலை. அது நடுவழியில் அறுந்துபோவதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியானால், பெடலை இரண்டு மூன்று முறை ‘பம்ப்’ செய்து கியர் போடுங்கள். அப்போது எளிதாக விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர்கள் கசிகின்றன. கிளட்ச் ஆயிலும் பிரேக் ஆயில்தான். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. கறுத்துப்போன ஆயிலை மாற்றி, காற்றெடுத்துவிட்டாலே பல வண்டிகள் திருந்திவிடுகின்றன.

மாதக்கணக்கில் மழையில் நின்ற வண்டிக்கு வேறு கதை. பிளேட் துருவோடு ஃப்ளைவீலில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெடல் சரியாக இறங்கும், கேபிளும் நன்றாக இருக்கும், கியர் மட்டும் விழாது. அதை விடுவிக்கத் தெரிந்த கை வேண்டும். வீட்டு வாசலில் முயன்று பார்க்கிற வேலையல்ல.

லிவர் பக்கம் வந்தால், மாருதி 800இல் லிவரிலிருந்து பெட்டிக்கு ஒரு ராடு போகிறது. அதன் மூட்டுகளில் இருக்கிற புஷ்கள் தேய்ந்தால் லிவர் கஞ்சி கிண்டுகிற கரண்டிபோல் எல்லாப் பக்கமும் ஆடும். இரண்டாவது போடப்போய் நான்கு விழும். புஷ் செட் விலை சொற்பம். என்ஜின் மவுண்ட் கிழிந்திருந்தாலும் இதே தொல்லைதான்: முடுக்கும்போது என்ஜின் சாய, பெட்டியும் சாய, ராடின் கோணம் மாறிவிடுகிறது. ஸ்டியரிங் தண்டில் கியர் உள்ள பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளில் ராடுகளும் மூட்டுகளும் இன்னும் அதிகம். இரண்டிலும் அந்தக் காலப் பெட்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. ஓடும்போது முதல் கியருக்கு இறக்கினால் கடிக்கத்தான் செய்யும். அந்தக் கால டிரைவர்கள் நியூட்ரலில் கிளட்சை விட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடுவார்கள். ‘டபுள் கிளட்ச்’ தெரியாத இளைஞர்கள் அந்த வண்டியைக் குறை சொல்வது நியாயமில்லை.

கியர் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடக்கிற இடம் இது. பல பட்டறைகளில் ‘நைன்ட்டி ஆயில்’ என்று ஒன்றை எல்லா வண்டிக்கும் ஊற்றுகிறார்கள். நைன்ட்டி என்பது தடிமன் மட்டுமே. டப்பாவில் ஜிஎல்-4 என்று இருக்கிறதா, ஜிஎல்-5 என்று இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஜிஎல்-5 லாரியின் பின் ஆக்ஸிலில் வருகிற கடும் அழுத்தத்துக்கானது. கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானங்கள் அதில் மிகுதி. அதில் சில வகைகள் பித்தளையை அரிக்கும். அரிக்காவிட்டாலும், ரிங்குக்கு வேண்டிய உரசலைக் கெடுத்து வழுக்கச் செய்யும். ரிங் வேலை செய்ய உரசல் வேண்டும். எண் கூடினால் தரம் கூடும் என்று நினைத்து அதிக விலை கொடுத்து ஊற்றுகிறவர்கள், பெட்டிக்குக் கேடு செய்கிறார்கள். மாருதி 800 போன்ற வண்டிகளுக்கு ஜிஎல்-4 போதும், அதுதான் வேண்டும். காலையில் முதல் சில நிமிடம் மட்டும் டைட்டாக இருந்து, சூடானதும் சரியாகிறதா? ஆயில் அளவுக்கு மீறித் தடித்திருக்கிறது.

பழைய ஆயிலை வடிக்கும்போது அருகில் நில்லுங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. ஆயிலில் பொன்னிறத் தூள் மினுங்கினால் பித்தளை ரிங் தேய்கிறது. நகத்துண்டு போன்ற இரும்புச் சில்லுகள் வந்தால் பேரிங்கோ பல்லோ போய்விட்டது. பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகளில் என்ஜினைத் திறந்து பார்த்தவர்கள் பலர். பெட்டியின் காற்றுத் துளை வழியாகவும் தண்ணீர் போகும் என்பதை மறந்தவர்களும் பலர்.

இத்தனையும் பார்த்து, குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் கடிக்கிறது, அல்லது போட்ட கியர் தானாகத் தெறித்து வெளியே வருகிறது என்றால், பெட்டியை இறக்குவதைத் தவிர வழியில்லை. அப்போது கஞ்சத்தனம் கூடாது. இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டையும் கழற்றி இறக்குகிற கூலி ஒன்றுதான்; அந்தக் கையோடு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல்களை மாற்றிவிடுங்கள். கழற்றிய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலைகள் மேற்பரப்பை எட்டியிருந்தால் மாற்றியது சரி.

ரிங்கின் விலையைவிடப் பிரித்துக் கோக்கும் கூலி அதிகம் என்பதால், சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பெட்டி வாங்கிப் போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மோசமான யோசனையல்ல. வாங்கும் முன் உள்ளே போகிற ஷாஃப்டைக் கையால் சுற்றி, ஒவ்வொரு கியரும் விழுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பேரிங்கைச் சோதியுங்கள். அடியில் மிச்சமிருக்கும் ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் பிடித்து, மினுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மாருதி 800இல் 4 கியர், 5 கியர் இரண்டும் வந்திருப்பதால், உங்கள் வண்டியின் மாடலைச் சொல்லிக் கேட்டு, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.