ஈரம் இருந்தும் பயிர் வாடுவது ஏன்?

வயலில் ஈரம் இருக்கிறது. மண்ணை எடுத்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்க வருகிறது. ஆனாலும் வெயில் ஏறியதும் பயிர் தலை தொங்குகிறது. இலைகள் நீலம் பாய்ந்த கரும்பச்சையில் சிறுத்து நிற்கின்றன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மீண்டும் மோட்டாரைப் போடுகிறோம். கிணற்று நீரே உப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது.

ஊறுகாய் போடுபவர்களுக்கு இதன் காரணம் தெரியும். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கும். வெளியே உப்பு கூடினால், உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படும். உவர் நிலத்தில் வேருக்கும் இந்த இழுபறிதான். நீர் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் உப்பு அதைப் பிடித்து வைத்திருக்கும்.

பிளஸ் 1 வேதியியலில் வரும் தொகைசார் பண்புகளில் இந்தச் சவ்வூடு அழுத்தமும் ஒன்று. கரைந்திருக்கும் பொருள் எது என்பது இங்கே கணக்கில்லை, எத்தனை துகள்கள் என்பதே கணக்கு. சாப்பாட்டு உப்பு நீரில் சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரியும். சர்க்கரை பிரியாது, அதன் மூலக்கூறும் கனமானது. அதனால் 1 கிராம் உப்பு தரும் அழுத்தத்துக்குச் சுமார் 12 கிராம் சர்க்கரை வேண்டும். இந்த விதியை வகுத்த வான்ட் ஹாஃப், 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றவர். அவருக்குக் கைகொடுத்தது, பெஃபர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1877-ல் வெளியிட்ட அளவீடுகள்.

மண்ணில் உள்ள துகள்களின் அளவைக் காட்டுவது ஆய்வு அறிக்கையில் உள்ள மின் கடத்துத்திறன். நிறைவுற்ற மண்சாற்றில் இது 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் நிலம். பல ஆய்வகங்கள் மண்ணுடன் 2 அல்லது 2.5 பங்கு நீர் கலந்து அளப்பதால், அதே மண்ணுக்கு எண் குறைவாக வரும். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது. பயிருக்குப் பயிர் தாங்கும் அளவும் வேறு. மண்சாற்றின் அளவு 1.2-ஐத் தாண்டினாலே வெங்காயத்தில் மகசூல் குறையத் தொடங்கும். நெல்லுக்கு 3, பருத்திக்கு 7.7.

மண் பாதி காய்ந்தால் நீர் பாதியாகும், உப்பு அப்படியே இருக்கும். கரைசலின் அடர்த்தி ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே உவர் நிலத்தில் மண்ணைக் காயவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சுவதைவிட, குறுகிய இடைவெளியில் பாய்ச்சுவது பயிரைக் காக்கும்.

உரமும் உப்புதான். சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்து உரங்களின் உப்புக் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். மியூரியேட் ஆஃப் பொட்டாஷுக்கு அது 116, யூரியாவுக்கு 75, சல்பேட் ஆஃப் பொட்டாஷுக்கு 46. உவர் நிலத்து வெங்காயத்துக்கும் பீன்ஸுக்கும் மியூரியேட் பொட்டாஷ் முழுவதையும் அடியுரமாக விதை வரிசையிலேயே கொட்டுவது முளைப்பைக் கெடுக்கும். சல்பேட் வகை விலை கூடுதல்தான். கட்டுப்படியாகாதவர்கள் மியூரியேட்டையே பிரித்து, வரிசையிலிருந்து தள்ளி இடலாம்.

வெள்ளை பூத்த நிலத்தைக் கண்டதும் ஜிப்சம் போடச் சொல்பவர்கள் இன்னமும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து, அதாவது கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியம் மண்ணை இறுக்கிய நிலத்துக்கு. வெறும் உவர் நிலத்தில் அது இன்னொரு உப்பு, பணத்துக்கும் கேடு. அங்கே வேண்டியது நல்ல நீரும் வடிகாலும். ஓர் அடி ஆழ மண்ணின் வழியே ஓர் அடி உயர நீர் இறங்கி வடிந்தால், கரையும் உப்பில் சுமார் 80 சதவீதம் போய்விடும். வடிகால் இல்லாமல் நீரைத் தேக்கினால், காய்ந்ததும் உப்பு மேலே வந்துவிடும்.

பார் பிடித்து நடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். சாலில் விட்ட நீர் மேலேறிக் காயும்போது உப்பு பாரின் உச்சியில் சேரும். விதையை உச்சியில் ஊன்றாமல், பக்கவாட்டுச் சரிவில் ஊன்றுங்கள்.