‘அதனால்தான்’ என்னும் தூண்டில்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்குச் செல்லாத தமிழ் மாணவர் அரியர். திவான் இராசா கேசவதாசர் காலத்தில் தோன்றிய அத்தெருவில் தமிழ் வணிகர் பலர் உளர். அங்கே நம் பேச்சு காதில் விழுந்தவுடன் மனம் இளகிவிடுகிறது. “தம்பி நம்ம ஊருப் பிள்ளை, அதனால்தான் இந்த விலை” என்று ஒருவர் சொல்லிவிட்டால், விலை எவ்வளவு குறைந்தது என்று கேட்க நா எழுவதில்லை. அவர் உறவைச் சொன்னார். விலையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை! இஃது அத்தெருவுக்கு மட்டும் உரியதன்று; எல்லாச் சந்தைக்கும் பொது.

இச்சொல்லின் ஆற்றலை எல்லன் லாங்கர் என்னும் உளவியல் அறிஞரும் அவர் துணைவரும் நியூயார்க்கில் அளந்து, 1978-இல் வெளியிட்டனர். நகலெடுக்கும் பொறியருகே நிற்பவரிடம், “ஐந்து பக்கம் உண்டு, நான் முதலில் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டபோது நூற்றுக்கு 60 பேர் இசைந்தனர். “அவசரம், அதனால்தான்” என்றபோது 94 பேர். “நகலெடுக்க வேண்டும், அதனால்தான்” என்றபோதோ 93 பேர்! நகற்பொறிக்கு வருபவர் வேறெதற்கு வருவார்? காரணத்தின் உருவம் மட்டும் இருந்தது, காரணம் இல்லை.

ஆனால் இருபது பக்கம் என்றவுடன் கதை மாறிற்று. போலிக் காரணத்துக்கு இசைந்தவர் 24 பேரே. காரணமே சொல்லாதபோதும் அதே 24 தான். இழப்புப் பெரிதென்று தெரிந்தால் மனம் விழித்துக்கொள்கிறது.

ஆகவே, கைதேர்ந்த விற்பனையாளர் பெரியதைச் சிறியதாகக் காட்டுவார். “நாளுக்குப் பதினைந்தே ரூபாய்” என்பார். ஆண்டுக்கு 5,475 ரூபாய் என்று பெருக்கிப் பார்ப்பது நம் வேலை. கணக்குப் படித்த நாமே இதனைச் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

இணையக் கடைகளிலும் இதே வித்தைதான். நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்தது. பொய்யான அவசரம் அவற்றுள் ஒன்று. நாணச் செய்து வாங்கவைப்பது இன்னொன்று. விமானச் சீட்டுடன் காப்பீடு வேண்டாமென்பவருக்கு, ‘நான் பாதுகாப்பின்றி இருப்பேன்’ என்ற வாசகத்தைக் காட்டுவதை ஆணையமே எடுத்துக்காட்டாகத் தருகிறது. வேண்டாம் என்பது ஒரு முடிவு. அதனைக் குற்றம்போல் ஆக்கிவிடுகிறார்கள். இத்தகையவற்றை 1915 என்னும் எண்ணில் முறையிடலாம்.

நம்மிற் பலர் விரைவில் வேலை தேடப் போகிறோம். “பலர் காத்திருக்கிறார்கள், இன்று மாலைக்குள் பயிற்சிக் கட்டணம் கட்டினால் இடம் உறுதி” என்று யாரேனும் பேசினால் சினமும் வேண்டா, வாதமும் வேண்டா. மொத்தம் எவ்வளவு? எழுத்தில் தருவீர்களா? நாளை கட்டினால் என்ன ஆகும்? இம்மூன்றையும் கேளுங்கள். மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலும் நேரான விடை வராது.

கடிதங்களில் வரும் தந்திரம் இன்னும் நுட்பமானது. ‘முன்பு பேசியபடி’ என்று தொடங்கி, பேசாத ஒன்றை எழுதியிருப்பார்கள். வாளாவிருந்தால் அது உடன்பாடென்று கொள்ளப்படும். அன்றே இரண்டு வரியில் மறுமொழி எழுதுக: “அவ்வாறு பேசியதாக நினைவில்லை. பேசிய நாளையும் பேசியவர் பெயரையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.” அதன் படியொன்றைக் கையில் வைத்துக்கொள்க.